நான்கு இட்லியும் முந்நூறு கிராமும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னைக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் இது நடந்தது. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். என் மகள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து துடுப்புப் படகுப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துவந்தாள். அன்று மாநிலத் தேர்வு. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். அவள் படகு விடுவதை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் உண்டு. முதல்முறையாக லீவு போட்டுக் கூடப் போனேன்.

முந்தின ராத்திரியே அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் கடையில் நான்கு இட்லி வாங்கி நீட்டினேன்.

"வேணாம் நைனா."

"துன்னும்மா. காலி வயித்தோட எப்டி துடுப்பு போடுவ?"

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நான்கையும் சாப்பிட்டாள். டீயும் குடித்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஏரிக்கரையில் எடை போட்டார்கள். அவளுடையது எடை குறைந்தவர்களுக்கான பிரிவாம். ஐம்பத்தொன்பது கிலோவைத் தாண்டக் கூடாதாம். அப்போதுதான் எனக்கே தெரியும். தராசு முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டியது.

"நாப்பது நிமிஷம் டைம் இருக்குது. எறக்கினு வா, இல்லன்னா ஊட்டுக்குக் கெளம்பு" என்று அவளுடைய கோச் கத்தினார். இட்லி விஷயத்தை அவள் சொல்லவில்லை.

வியர்வை விட்டால்தான் எடை இறங்கும். அதே போட்டியில் கலந்துகொள்ள வந்திருந்த வள்ளூர்ப் பெண் ஒருத்தி தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கொண்டுவந்தாள்.

"இத மாட்டினு ஓடுக்கா. இன்னா துன்ன?"

"இட்லி."

"இட்லிக்கா இம்மாம் பேஜாரு? நான் போன வருஷம் பிரியாணி துன்னு மாட்டிக்கினேன். வா, நானும் ஓடறேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் கரையில் ஓடினார்கள். ஃபர்னஸ் பக்கத்தில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தவர்கள் மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். போட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. எதிரே இருந்த ஜூஸ் கடைக்குப் போய், கூச்சத்தை விட்டு உப்பும் எலுமிச்சையும் கேட்டு வாங்கி, பாட்டிலில் கரைத்து வைத்துக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் செய்கிற வழக்கம் அது.

மூன்றாவது தடவை தராசில் ஏறியபோது ஐம்பத்தொன்பது சரியாக நின்றது. அவள் இறங்கியதும் பாட்டிலைக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள்.

போட்டியில் வள்ளூர்ப் பெண் முதலில் வந்தாள். என் மகள் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு துடுப்பு நீளம்தான் இருக்கும். கரையேறியதும் என் மகள் ஒரு பக்கமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

திரும்பும் ரயிலில், "எல்லாம் என்னாலதாம்மா" என்றேன்.

"வுடு நைனா. நீ ஆசையா வாங்கியாந்த. உன்கிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல" என்றாள்.

கம்பெனியில் யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் மறுக்கத் தெரியாதவன் நான். அந்தக் குணம் அவளுக்கும் வந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

பிறகு அவள் தேசிய அளவில் இரண்டு முறை தங்கம் வாங்கினாள். இப்போதெல்லாம் வீட்டில் எது கொடுத்தாலும் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்கிறாள், வேண்டாமென்றால் பட்டென்று சொல்லிவிடுகிறாள். அவள் அம்மா முணுமுணுப்பாள். எனக்கு மட்டும் அவள் 'முடியாது' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், பதக்கம் வாங்கி வந்ததைவிட மனசு நிறைந்துபோகிறது.