துளசித் தண்ணீரில் கரையாத மருந்து

1. புரட்டாசி பிறந்ததும், தறி ஓட்டும் என் நைனா ஒருபொழுது விரதம் ஆரம்பித்தார்.
2. அந்த மாதம் முழுவதும் காலையில் வெறும் வயிற்றில், துளசித் தண்ணீரோடு காப்சூலை விழுங்கினார்.
3. ஐப்பசி பிறந்த அன்றே இருமலோடு ரத்தம் வந்தது.
4. எங்கள் ஊரான நகரியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம்.
5. மருந்து ரத்தத்தில் சேரவே இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது.

பழைய காசநோய் நுரையீரலில் விட்டுப்போன குழியில் பூஞ்சை வளர்ந்திருந்தது. அதற்குத்தான் அந்த மருந்து. தண்ணீரில் அது கரையாது. சாப்பாடும் கொஞ்சம் கொழுப்பும் வயிற்றில் இருந்தால்தான் கரைந்து ரத்தத்தில் சேரும்.

திருப்பதியில் என் ஆராய்ச்சியே இப்படிப்பட்ட மருந்துகளைப் பற்றியதுதான். மருந்தை ஒரு பாலிமரோடு சேர்த்துக் கரைத்து, உலர்த்தி, பொடியாக்கிக் காப்சூலில் அடைப்பேன். வயிற்றில் சுரப்பது போன்ற அமிலத்தை உடல் சூட்டில் வைத்து, அதில் போட்டு, மிஷினின் துடுப்பு சுழலச் சுழல எவ்வளவு வெளியே வருகிறது என்று அளப்பேன். சாதாரணக் காப்சூலாக இருந்தால் மேலோடு மட்டும் கரையும். உள்ளே இருக்கும் பொடி கட்டியாகி மிதக்கும். அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஹாஸ்டலிலிருந்து தினமும் போன் செய்து, மாத்திரை போட்டாயா என்று நைனாவைக் கேட்பேன். போட்டுக்கினேன் என்பார். அது பொய்யில்லை.

வார்டில் கேட்டேன். "சாப்ட்டுட்டுதான் போடணும்னு டாக்டர் சொன்னாரே நைனா?"

"சாமி மாசம்மா. ஒருவேள சோறு, அதுவும் மத்தியானம். மருந்து காலையில போடறது. தீர்த்தத்துல போட்டா இன்னும் நல்லா கேக்கும்னு நெனச்சேன்."

"அது தண்ணியில கரையாது நைனா."

"நீ மிஷின் வச்சிக் கரைக்கிற. பெருமாளு கரைக்க மாட்டாரா?" சிரிக்கப் போய் இருமினார்.

அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே திட்டினாள். "ஒரு ஸ்பூன் நெய்யி துன்னா வெரதம் கெட்டுப்பூடுமாம். மல மேல இருக்கறவரு நெய்யில செஞ்ச லட்டுதான துன்றாரு? அவுரு இன்னா கெட்டா பூட்டாரு?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்; அம்மா பார்க்கவில்லை.

தெலுங்கு டாக்டர் என்னைத் தனியாக அழைத்து நுரையீரல் படத்தைக் காட்டினார். மருந்து சேராத அந்த வாரங்களில் பூஞ்சை பரவிவிட்டது. புரட்டாசி விரதம் என்று விளக்கினேன். "மாகு தெலீதம்மா," என்றார்; இப்படியொரு விரதம் இருப்பதே தங்களுக்குத் தெரியாதாம்.

இடது நுரையீரலில் பாதி வேலை செய்யவில்லை. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்கிறார்கள். அதே மருந்தை இப்போது நெய்ச் சோற்றுக்குப் பிறகு கொடுக்கிறோம். பரவுவது நின்றிருக்கிறது; போனது திரும்பாது. நைனாவால் இனி தறி ஓட்ட முடியாது.