கொடுத்துவைத்த முகம்

ஓரகத்தி கண்ணாயியின் முகத்தைப் பார்த்தாலே ஆயம்மாளுக்கு வயிறு எரியும். இருவரும் மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணன் பெண்டாட்டி ஆயம்மாள், தம்பி பெண்டாட்டி கண்ணாயி. நாற்பதைத் தாண்டியும் கண்ணாயி முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. துலக்கிய வெண்கலச் சொம்பு மாதிரி மினுங்குவாள். ஆயம்மாளின் நெற்றியிலோ சாமைக்காட்டு வெயில் உழவே ஓட்டியிருந்தது.

“குடுத்து வச்ச மூஞ்சி” என்று அடுப்பைப் பார்த்து முணுமுணுப்பாள்.

போதாக்குறைக்கு, விரலை நீட்ட முடியவில்லை, பனிக்கு வெளுத்துப்போகிறது என்று கண்ணாயி உலக்கையைத் தொடுவதையும் விட்டுவிட்டாள். சாமை குத்துவது ஆயம்மாள் தலையில் விழுந்தது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பேச்சு வந்ததும், “தொணைக்கு நானே வாரேன்” என்று ஆயம்மாள் முந்திக்கொண்டாள். அக்கறையா? ஒரு மண்ணும் இல்லை. அவள் மட்டும் சேலம் பார்த்துவிட்டு வருவதா என்கிற ஆங்காரம். மலையிறங்கி, சேந்தமங்கலத்தில் பஸ் ஏறினார்கள். அது அறுபத்திரண்டாம் வருஷம்.

டாக்டர் கண்ணாயியின் முன்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். எழவில்லை. பக்கத்தில் நின்ற ஆயம்மாளின் கையைக் கிள்ளினார். எழுந்தது.

“தோல் இப்படி எழணும். இவங்களுக்கு இறுகிட்டே வருது. முகத்துல சுருக்கம் இல்லாததும் அதனாலதான். குஷ்டம் இல்ல, பயப்படாதீங்க.”

ஒரு நோயைப் பார்த்தா இத்தனை வருஷம் வயிறெரிந்தோம் என்று ஆயம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் கொஞ்ச நேரம்தான். டாக்டர் கண்ணாயியிடம் மட்டும் இவ்வளவு பதமாகப் பேசுகிறாரே என்று மறுபடி உறுத்தியது.

“இதுல ரெண்டு வகை இருக்கு. கையோட, முகத்தோட நின்னா பல வருஷம் ஓட்டிடலாம். மாருக்கு வந்துட்டா வேற வகை. உள்ளே நுரையீரலும் சீக்கிரம் இறுகிடும்” என்றார் டாக்டர்.

நர்ஸ் திரையை இழுத்தாள். மார்புத் தோலும் எழவில்லை.

திரும்பும்போது மலையடிவாரத்தில் உட்கார்ந்தார்கள்.

“அக்கா, மூஞ்சிய இப்படித் திருப்புங்க.”

ஆயம்மாள் திருப்பினாள். கண்ணாயி அவள் கன்னத்தைக் கிள்ளப் பார்த்தாள். விரல்கள் கூடவில்லை. ஆயம்மாள் தானே கிள்ளிக் காட்டினாள். தோல் எழுந்து மெல்ல அடங்கியது.

“நீங்க கெழவியாயிருவீங்கக்கா” என்றாள் கண்ணாயி. “குடுத்து வச்சவங்க.”

தன்னைப் பார்த்து ஒருத்தியாவது பொறாமைப்பட மாட்டாளா என்று ஆயம்மாள் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது ஒருத்தி பட்டுவிட்டாள். அதை அவளால் தாங்க முடியவில்லை. கண்ணாயியின் மூட்டையையும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே மலையேறினாள்.