மணத்தக்காளி என்று சொன்னவள்

1986 செப்டம்பரில், டோர்ட்மண்டுக்கு வெளியே காட்டோரமாயிருந்த அகதி விடுதியில் லூர்தம்மாவுக்கும் ஆறு வயது இமெல்டாவுக்கும் ஓர் அறை கிடைத்தது. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி ஐந்து மாதம். கணவரை மன்னாரில் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்னும் விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் குகைச் சிறுமி ஒருத்தியின் படம் காட்டினார்கள்: தோலாடை, கையில் கூடை. அன்றிலிருந்து இமெல்டா கற்காலப் பிள்ளை. விடுதிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவாள். நத்தை, இறகு, பாசி படிந்த கல் என்று அள்ளி வருவாள். விளையாட்டுக்கு ஒரே சட்டம்: குகை அம்மா தின்று பார்க்காத எதையும் பிள்ளை தின்னக்கூடாது.

அன்று கொண்டுவந்தவை பளபளத்த கறுப்புப் பழங்கள். மறுநாள் அகதி விசாரணைக்கு டெர்மின் குறித்திருந்தார்கள். லூர்தம்மா தாள்களோடு மாரடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இது என்ன?”

“மணத்தக்காளி. வாய்ப்புண்ணுக்கு நல்லது.”

“பெரிசாய்க் கிடக்கு.”

“இஞ்ச மனிசரே பனை மாதிரி. பழம் மட்டும் சின்னனாய் இருக்குமே?”

“நீங்கள் இன்னும் தின்னேல்லை.”

“ஊரில நான் தின்னாத பழமே? தின்னு பிள்ளை, கரைச்சல் படுத்தாதை.”

பொழுது சாயுமுன் பிள்ளையின் முகம் சிவந்து கொதித்தது. கண்மணிகள் விரிந்து கண்ணே கறுத்தது. இல்லாத பூச்சிகளைக் காற்றில் பிடித்தாள். தாயைக் கண்டு வீரிட்டு அலறினாள்.

பக்கத்து அறைப் புஷ்பமலர் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாள். அவளுக்குக் கொஞ்சம் டொச் பாஷை தெரியும். லூர்தம்மா மிச்சப் பழங்களை டொக்டரிடம் நீட்டினாள். அப்போதுதான் அவளே உற்றுப் பார்த்தாள். மணத்தக்காளி கொத்தாய்க் காய்க்கும். இவை ஒவ்வொன்றும் தனிக் காம்பு.

“ஆர் தின்னக் குடுத்தது எண்டு கேக்கினம்,” என்றாள் புஷ்பமலர். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளை தானாய்ப் பிடுங்கித் திண்டது எண்டு சொல்லுவம். உங்கட கேஸுக்குக் கூடாது.”

“ஏலாது அக்கா. நான்தான் தின்னச் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ.”

விசாரணை நாள் போயிற்று. கட்டிலருகே இரண்டு இரவு விழித்திருந்தாள். கற்காலத்திலும் எவளோ ஒரு தாய் இப்படிப் பிழையாகச் சொல்லியிருப்பாள். அவள் பிள்ளையைப் புதைத்த பிறகுதான் மற்றவர்கள் அந்தப் பழத்தை அறிந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் இமெல்டாவுக்கு ஆளடையாளம் தெரிந்தது. லூர்தம்மா பாண் துண்டைப் பாலில் நனைத்து வாயருகே கொண்டுபோனாள். உதடுகள் திறக்கவில்லை.

“நீங்கள் முதல் தின்னுங்கோ.”

லூர்தம்மா கடித்து, மென்று, விழுங்கினாள். பிள்ளை அவளுடைய முகத்தையே பார்த்தபடி காத்திருந்தது, நெடுநேரம்.