விட்டுவிட்ட பாடத்துக்கான உபவாசம்

வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பிய மூன்றாவது வாரம், மும்பை செம்பூரில் நான் படித்த பள்ளியின் அலுவலகத்தில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்து உயர்கணிதத்தை விட்டேன். பதினெட்டு வயது நிறைந்திருந்ததால் பெற்றோர் கையெழுத்து தேவைப்படவில்லை. மேசைக்கு அப்பால் இருந்த பெண்மணி, "பக்கா?" என்று மட்டும் கேட்டார். தலையசைத்தேன். முத்திரை குத்தினார்.

அந்த வகுப்பில் நாங்கள் ஆறு பேர். மற்ற மூன்று பாடங்களும் எனக்கு வசப்பட்டன, இது மட்டும் வசப்படவில்லை. சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறி, பள்ளி சேரும்வரை நோட்டைத் திறந்தே வைத்திருப்பேன். முந்தைய மாலை புரிந்ததாக நினைத்த கணக்கு, காலையில் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கும். நான் படிக்க விரும்பியது சமூகவியல். அதற்கு உயர்கணிதம் வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் நான்கு பாடங்கள் இருந்தால் மதிப்பு என்றுதான் அதுவரை இழுத்துக்கொண்டு வந்தேன். விட்டது தவறு என்று இன்றும் நான் கருதவில்லை. அதை வீட்டில் சொல்லாமல் இருந்ததற்குத்தான் எந்த நியாயமும் அகப்படவில்லை.

தாராவியில் எங்கள் சபையில், வேண்டுதல் உள்ளவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர் வாசிக்க, சபையார் அதற்காக ஜெபிப்பார்கள். அம்மா எழுதிக் கொடுத்திருந்தார்: "எங்கள் மகள் உயர்கணிதம் என்னும் கடினமான பாடத்தில் தேற, கர்த்தர் ஞானம் அருள." யாரோ ஒருவரின் அறுவைசிகிச்சைக்கும் இன்னொருவரின் வேலைத் தேடலுக்கும் இடையில் என் கணக்கு வாராவாரம் வாசிக்கப்பட்டது. பாடத்தை விட்டபின் வந்த முதல் ஞாயிறன்றும் வாசித்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் "ஆமென்" சொன்னேன்.

அன்று வாசலில் என்னை நிறுத்தியவர் அத்தை. உறவில் அத்தை அல்ல. பக்கத்துச் சந்தில் இருப்பவர். சட்டைகள் தைக்கும் பட்டறையில் இஸ்திரி மேசை அவருடையது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை.

"கணக்கு எப்படிட்டி போவுது?"

"போவுது அத்தை."

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னார்: "போன வெள்ளிக்கிழம அத்தைக்கு வேலையில தல சுத்திட்டாம். மேசையப் புடிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டாளாம். நல்லவேள, இஸ்திரிப் பொட்டி கையில இல்ல."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வெள்ளிதோறும் உபவாசம்லா இருக்கா. பச்சத்தண்ணி பல்லுல படாம, சாயந்தரம் வரைக்கும். ஒன் பரீட்ச முடியிற மட்டும்னு ஆண்டவருகிட்ட பொருத்தன."

"எனக்காகவா?"

"பின்னே? ஒன் கணக்குக்குத்தான்." அம்மாவின் குரலில் பெருமை இருந்தது.

அடுத்த வெள்ளிக்கு ஒரு நாள்தான் மீதி. உண்மையைச் சொல்லாமலே உபவாசத்தை நிறுத்த வழியுண்டா என்று வியாழன் முழுவதும் யோசித்தேன். சொன்னால் அம்மாவுக்குத் தெரியும், சபைக்குத் தெரியும். கல்லூரிக்கும் நான் தெரிவிக்கவில்லை. அங்கே என் பெயருக்கு நேரே இன்னும் நான்கு பாடங்கள் இருந்தன. சொல்லாவிட்டால், நான் உட்காராத ஒரு வகுப்புக்காக ஒரு பெண் சூடான இஸ்திரிப்பெட்டியின் முன்னால் பட்டினியோடு நிற்பார்.

மாலையில் போனேன். அத்தை தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, உபவாசம் வேண்டாம். உங்களுக்குத் தல சுத்துச்சாமே."

"எந் தல கெடக்கு. நீ பாஸாவு, அது போதும்."

"நான் அந்தப் பாடத்த விட்டுட்டேன் அத்தை."

"விட்டுட்டேன்னா? முடிச்சிட்டியா?"

"இல்ல. பரீட்சை எழுத மாட்டேன். ஜனவரி தொடக்கத்துலயே விட்டாச்சு."

அவர் கை நின்றது. கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டே போனார்.

"அஞ்சு வெள்ளிக்கிழம," என்றார். "அஞ்சும் நீ விட்ட பொறவுதான். ஆண்டவரு என்ன நெனச்சிருப்பாரு? இந்தப் பொம்பள எதக் கேக்கான்னு சிரிச்சிருப்பாரு."

அடுத்த மீனைக் கையில் எடுத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சர்ச்சுல தலையக் குனிஞ்சி நின்னியேட்டி. கண்ண மூடிட்டுத்தான நின்ன? ஒங்கம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"காலேஜிக்கு?"

"இன்னும் சொல்லல."

"நல்லா இருக்கு. எல்லாரும் முட்டாளு, நீ ஒருத்திதான் படிச்சவ." மீனின் தலையைக் கிள்ளி எறிந்தார். "போ. நாளைக்கு நான் சாப்புடுவேன். மீங்கொழம்பே சாப்புடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அன்றே கல்லூரிக்கு எழுதினேன்: இன்ன பாடத்தை இன்ன காரணத்தால் விட்டேன், முன்பே தெரிவித்திருக்க வேண்டும். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, இதனால் விண்ணப்பம் பாதிக்கப்படாது என்றிருந்தது. இரண்டே வரி. அதைப் படித்தபோது நிம்மதி வரவில்லை. கல்லூரி பொருட்படுத்தாத ஒன்றை மறைப்பதற்காக ஐந்து வாரம் செலவிட்டிருக்கிறேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அத்தையிடம் சொன்ன அந்த வார ஞாயிறன்று, ஆராதனைக்கு முன் நானே போதகரிடம் போய், அந்த வேண்டுதலை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அன்றைய ஜெபம் அறுவைசிகிச்சையிலிருந்து நேரே வேலைத் தேடலுக்குப் போனது.

பட்டம் பெற்றுத் திரும்பி, இப்போது தாராவிப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவும் ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறேன். அத்தை என்னோடு பேசுகிறார். ஏதாவது விசேஷமாகப் பொங்கினால் கிண்ணத்தில் கொடுத்தனுப்புகிறார். என் படிப்பைப் பற்றி மட்டும் அதன்பின் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. உபவாசத்தை அவர் விடவில்லை. இந்த வருடம் எங்கள் சந்தில் மருத்துவ நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணுக்காக இருக்கிறார். ஆனால் வியாழன் மாலைதோறும் முதலில் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று, சந்து முழுக்கக் கேட்கும்படி விசாரிக்கிறார்:

"ஏட்டி, இன்னும் படிக்கியா, விட்டுட்டியா? இப்பமே சொல்லிரு."

நான் பக்கத்தில் நின்றாலும் அவர் குரலைத் தாழ்த்துவதில்லை.