அணையாத ஹீட்டர்

ஹீட்டர் விளக்கு அணையவே இல்லை.

போன மாதம் ஒரு பகல். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரி. இன்குபேட்டர் முன்னால் நின்று அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு ஏறினால் அது அணைய வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் திரை ‘எல்லாம் சரி’ என்றது. கண்ணாடிக்கு உள்ளே தொங்கிய தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டே போனது. தட்டுத் தட்டாக முட்டைகள்... இன்னும் சில நாளில் பொரிக்க வேண்டியவை.

“சார், ஸ்க்ரீன் உறைஞ்சு போச்சு. கடிகாரம்கூட நகரல” என்றார் ஸ்டீபன்.

ஸ்டீபன் திண்டுக்கல்லில் கன்ட்ரோலர் செய்து விற்பவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு நான் புரோகிராம் எழுதித் தருவதை இந்தப் பக்கத்தில் எழுதி எத்தனை முறை பீற்றியிருக்கிறேன்! இந்தக் கன்ட்ரோலரிலும் ஒரு பகுதி என்னுடையது. சூட்டுப் பதிவை மெமரி கார்டிலிருந்து எடுத்து, ஹேச்சரி முதலாளியின் போனுக்கு அனுப்பும் பகுதி.

பழைய முறையில் பதிவு முதலில் ஒரு நடு இடத்தில் நகலாகும். அங்கிருந்து நெட்வொர்க்குக்கு இன்னொரு நகல். கன்ட்ரோலரின் சின்ன போர்டுக்கு அது வீண் சுமை. நடு நகலை நான் எடுத்துவிட்டேன். மார்க்கெட்டில் சரக்கைக் குடோனில் இறக்காமல் லாரிக்கு லாரி மாற்றுவார்களே, அப்படி. வேகம் பிரமாதம்!

ஸ்டீபன் போர்டை ஒருமுறை அணைத்து, திரும்பப் போட்டார். ஹீட்டர் அணைந்தது. இனி ஃபேன் சுற்றிச் சூட்டை வெளியே தள்ள வேண்டும்.

சுற்றவில்லை. திரை மறுபடி உறைந்தது.

அப்போது என் போன் அடித்தது. முதலாளி கந்தசாமி.

“ஏனுங்க, நான் பழனி மலையில நிக்கிறேனுங்க. பதிவு பாதி வந்து நின்னுபோச்சு. இங்க நெட் சரியா கிடைக்கலீங்க. இன்னொருக்கா டவுன்லோடு அமுக்கிருக்கேன், பாருங்க.”

உறைந்த திரையைத் திரும்பிப் பார்த்தேன்; புரிந்துவிட்டது.

எதிர் லாரி நகராவிட்டால்? சரக்கோடு நிற்கும் லாரி கேட்டை அடைத்துக்கொண்டுதானே நிற்கும்? அவருடைய போன் பதிவை வாங்கி முடிக்கும்வரை என் புரோகிராம் கார்டைப் பிடித்து வைத்திருந்தது. சூட்டைக் கவனிக்கும் புரோகிராம் தன் பதிவை எழுத அதே கார்டுக்காகக் காத்து நின்றது. ரியல் டைம் சிஸ்டம் என்றால் சொன்ன நேரத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும். நானோ அதைக் கைகட்டி நிற்க வைத்திருந்தேன்.

“அமுக்காதீங்க! தயவுசெய்து அமுக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். ஸ்டீபன் மறுபடி அணைத்துப் போட்டார். ஃபேன் சுற்றியது.

சாயங்காலம் கந்தசாமி நெற்றி நிறைய விபூதியோடு ஓடி வந்தார். “எதனாலங்க இப்படி ஆச்சு?”

“வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்” என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். ஸ்டீபன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நல்ல வேளைங்க... எனக்கு மனசு கேக்கல. மலையேறும்போதும் விடாம போன்ல பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அவர் பார்த்ததைத்தான் என் புரோகிராம் தாங்கவில்லை. அதை அவர் காவல் என்று நினைத்திருந்தார்.

பஸ்ஸில் ஸ்டீபன் கேட்டார்: “வோல்டேஜா சார்?”

“திட்டு வாங்கப் பயம்ப்பா.”

“இந்த வயசுலயுமா?”

“இந்த வயசுலதான்.”

பொரிக்கும் நாளில் தனியாகப் போனேன். கீழ்த் தட்டுகளில் ஒரே கீச்சொலி. ஹீட்டரை ஒட்டிய மேல் தட்டுகளில் சத்தமே இல்லை. கந்தசாமி ஒரு முட்டையை எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்து, மெல்லக் கீழே வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். மேசையில், என் லேப்டாப்போடு, முழம் நீளக் கேபிளில் மட்டுமே சோதித்தது உட்பட.

அவர் கீழே வைத்த முட்டையையே பார்த்தார். “அப்ப நான் பாத்ததுதான் இதுகளைக் கொன்னுச்சுங்களா?”

“நீங்க பார்த்தது தப்பே இல்லை. நெட் சரியா கிடைக்காத இடத்துலயும் பார்ப்பீங்கன்னு நான் நினைக்காததுதான் தப்பு.”

“வோல்டேஜ்னீங்களே... ஸ்டெபிலைசர் மாட்ட ஆள் வந்துக்கிட்டிருக்கானுங்க.”

“வர வேண்டாம்னு சொல்லிடுங்க. அது நான் சொன்ன பொய்.”

“பரவால்லீங்க. இனிமே நீங்க ஒண்ணு சொன்னா, ஸ்டீபன் தம்பிகிட்டயும் ஒருக்கா கேட்டுக்குறேனுங்க.” குரலில் மரியாதை துளியும் குறையவில்லை.

இப்போது என் புரோகிராம் பதிவில் ஒரு துண்டைப் படித்ததுமே கார்டை விட்டுவிடுகிறது. எதிர்ப்பக்கம் வாங்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஒரே பகலில் திருத்திவிட்டேன்.

அது சுலபம்.