கயிற்றின் முன்முனை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். இப்போதும் அப்படித்தான். ஒரு கட்டுமான நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்ப்பது என் வேலை, எது எத்தனை எடையில் உடைந்தது என்று எழுதி முடித்தால்தான் எனக்கு நிம்மதி. அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தேவாலயத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்போம். கிளமெண்டி மாதிரி புது அடுக்குமாடிப் பேட்டைகளுக்குக் குடிபோனவர்கள், பிள்ளைகளுக்குப் பழைய சிராங்கூன் சாலைப் பக்கத்தைக் காட்ட வருவார்கள். வழிநடத்துவது நான். முந்தின நாள் தனியாக நடந்து பார்த்துப் பட்டியல் போடுவேன்: எண், ஆபத்து, என்ன செய்ய வேண்டும், ஏன். கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடிப் பாதையில் திடீரென்று இறங்கும் படி, லாரி திரும்பும் முனை, மூடி ஆடும் சாக்கடை எல்லாம் அதில் இருக்கும்.

எல்லோரும் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கயிறும் உண்டு. அளவு நாடா வைத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஆளுக்கு ஒரு முடிச்சு, அன்றைக்குப் பதினான்கு. முதல் முடிச்சு எனக்கு. அதற்கு முன்னால் இரண்டு மீட்டர் வெறும் கயிறு, அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வேன். ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் நட. இழுப்பு வந்தால் கேள்வி கேட்காமல் பின்னால் இருப்பவருக்குக் கடத்த வேண்டும். இது நான் போட்ட விதி, மாதக்கணக்கில் பழக்கியது.

கடைசி முடிச்சில் ஆரோக்கியம் அண்ணன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு, வாய் சும்மா இருக்காது.

"என்ன ரோஸ், ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிட்டுப் போற லா."

"மந்தைக்குப் பின்னால நீங்கதான் வர்றீங்க அண்ணே, பாத்து வாங்க."

இரண்டாம் முடிச்சில் ஜூலி, எட்டு வயது. அவள் அம்மாவுக்கு அன்று வேலை, பேருந்து நிறுத்தத்தில் விட்டுப்போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ ஒரு இடத்துல நிக்க மாட்டா ரோஸ். உங்கள நம்பித்தான் விடுறேன்."

"என் முதுகுக்குப் பின்னாலயேதான் வருவா அக்கா. கவலப்படாதீங்க."

நாலு மணி வாக்கில் ஜாலான் புசார் பக்கம் போனபோது மழை பிடித்தது, டிசம்பர் மழை, பகலே சாம்பல் நிறமாகிவிட்டது. கால் மணி நேரத்தில் சாலையில் முழங்கால் வரை தண்ணீர், லாரிகள் அலை கிளப்பிக்கொண்டு போயின. கடைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் கணுக்கால் அளவுதான், அதன் மறுமுனை மேடு. அங்கே சாக்கடை இருப்பது எனக்குத் தெரியும், முந்தின நாள் அதன் மூடிகள் ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று பார்த்திருந்தேன். உள்ளே நுழைந்தோம். தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறம், அடி தெரியவில்லை. மூடி ஏதாவது விலகியிருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் இழுக்கும் இல்லையா, அதைத் தெரிந்துகொள்ள மணிக்கட்டில் இருந்த கயிற்றை அவிழ்த்து முனையை எனக்கு முன்னால் மிதக்க விட்டேன்.

அது கொஞ்ச தூரம் மிதந்து போய் நின்றது. பிறகு விறைத்தது.

இரண்டு இழுப்பு.

நீங்கள் நீரோட்டம் என்பீர்கள். நீரோட்டம் ஒரே சீராக இழுக்கும். இது இரண்டு முறை இழுத்தது, காத்திருந்தது, மறுபடி இரண்டு முறை இழுத்தது, நான் எப்படி இழுப்பேனோ அதே வேகத்தில். என் புத்தி விழிப்பதற்குள் என் கை அதைப் பின்னால் கடத்திவிட்டது. பதின்மூன்று பேரும், அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன், ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்தார்கள். ஜூலியின் தலை என் முதுகில் முட்டியது. என் வலது கால் முன்னால் போனது, அடியில் தரை இல்லை.

கயிற்றைப் பின்னோக்கி ஒரு முறை இழுத்துக்கொண்டே, "அண்ணே, நில்லுங்க," என்றேன். அவர் அப்படியே கால் ஊன்றிவிட்டார், அந்தப் பிடியில்தான் நான் தொங்கினேன். ஜூலியை இடது கையால் என் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். முன்முனை இன்னும் விறைப்பாகவே இருந்தது. ஒரு இழுப்புக்கு எல்லோரும் நின்றார்கள், அது மட்டும் நிற்கவில்லை. அண்ணன் கயிற்றை இழுக்க நான் மேலேறினேன். நாங்கள் பின்வாங்கப் பின்வாங்க அது இரண்டு இரண்டாக இழுத்துக்கொண்டே இருந்தது. சந்தின் வாய்க்கு வந்ததும் சட்டென்று தளர்ந்தது.

தண்ணீர் வடிந்ததும் ஆரோக்கியம் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மூடி தள்ளிக் கிடந்தது, குழி என் நெஞ்சளவு ஆழம்.

"வெள்ளம் தள்ளியிருக்கும். கயித்தையும் அதுதான் இழுத்துச்சு. வேற என்ன?" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூலியை அம்மாவிடம் ஒப்படைத்தேன். "சமத்தா இருந்தாளா?" என்று கேட்டார். இருந்தாள் என்றேன்.

நாலு வருஷம் ஆகிறது. நான் இப்போதும் வழிநடத்துகிறேன், விதியை மாற்றிவிட்டேன், கயிறும் புதிது. பட்டியலில் பதினான்காம் எண்ணுக்கு, 'கயிற்றின் முன்முனையைக் கீழே விடக்கூடாது' என்று எழுதியிருக்கிறேன். 'ஏன்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அன்று மாலையே தேவாலயக் கூடத்தில் பழைய கயிற்றைக் காயப்போட விரித்தபோது முடிச்சுகளை எண்ணினேன், எண்ணாமல் எனக்கு எதையும் எடுத்து வைக்க வராது. பதினைந்து. நான் வெறுமையாக விட்டிருந்த முன்பகுதியில் ஒன்று, நான் போடும் அதே மாதிரி முடிச்சு, ஈரத்தில் இறுகியிருந்தது. அளவு நாடாவை எடுத்து வைத்துப் பார்த்தேன். என் முடிச்சிலிருந்து சரியாக ஒரு மீட்டர் முன்னால்.