மைக்கம்மாவின் நாற்பத்தொரு நாள்

பஸ் நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒரே கண்ணாடி அறை, ஒரே நாற்காலி. டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் அவள் முகத்தைவிடக் குரல்தான் நன்றாகத் தெரியும். அவள் சாதாரணமாகப் பேசினாலே நம்மை எங்கோ கிளம்பச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு கண்டக்டர் கிண்டல் செய்வார்.

அவள் புருஷன் டிங்கர் வேலை செய்பவர். மோதி நசுங்கி வருகிற வண்டிகளின் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிற வேலை. முப்பது வருஷம் தகரத்தைத் தட்டியதில் வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில், பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் விழும். வீட்டில் அது ஒரு குறையாகவே இருந்ததில்லை. பெண்டாட்டிக்குத்தான் ஊருக்கே கேட்கிற குரலாயிற்றே. அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவருக்கும் கேட்கும், எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்கும். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். இந்தச் சம்பவம் நடந்தபோது அவளுக்குக் குழந்தை பிறந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

இரண்டு மாதமாகவே மைக்கம்மாவுக்கு வயிற்றில் வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வாயு என்று நினைத்து, மருந்துக்கடையில் கேட்டு எதையோ வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, "மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில்" என்று ஆரம்பித்தவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மைக்கை அணைக்கவும் இல்லை. ஒரு முனகலும், நாற்காலி உருண்டு சுவரில் இடிக்கிற சத்தமும் நிலையம் முழுக்கக் கேட்டன. மூன்றாவது நடைமேடை டிரைவர்தான் முதலில் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

டிங்கர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவர் சட்டையெல்லாம் பெயின்ட் தூசி. அறுவை சிகிச்சை டாக்டர், வேகமாகப் பேசுகிற ஒரு பெண், ஏதோ சொல்லி ஒரு தாளை நீட்டினார். அவர் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் டிங்கர் கையெழுத்துப் போட்டார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போன பிறகுதான் ஒரு நர்ஸ் அவருக்குக் காது கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். குடல் முறுக்கிக்கொண்டது, ரத்தம் போகாமல் ஒரு பகுதி கறுத்துவிட்டது, அதை வெட்டி எடுக்கிறார்கள் என்று இருந்தது. அவர் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைப்பதும், எடுத்துப் படிப்பதுமாக ஐந்து மணி நேரம் நின்றார்.

மூன்றடி குடலை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டித் தைத்தார்கள். நான்கு நாள் நல்லபடியாகவே போயிற்று. ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. ஆறாம் நாள் வயிற்றில் செருகியிருந்த குழாயில் பழுப்பாக ஏதோ வந்தது. தையல் போட்ட இடம் உள்ளே விட்டுப்போயிருந்தது. மறுபடி வெட்டினார்கள். இந்தத் தடவை குடலின் முனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். மலம் இனி அந்தப் பையில்தான் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு நாள் தொண்டையில் குழாயோடு கிடந்தாள். அந்தக் குழாயை எடுத்த அன்று தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள். குரலுக்குப் பதிலாக, பஞ்சரான டியூபிலிருந்து காற்று போகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

குரல் திரும்பி வரும், தொண்டை வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். எத்தனை நாளில் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

பெண்கள் வார்டில் ஆறாம் நம்பர் கட்டில் கொடுத்தார்கள். ஆண்களை உள்ளே விடுவது பதினொன்றிலிருந்து ஒன்று வரை, பிறகு நான்கிலிருந்து ஆறு வரை. மற்ற நேரத்தில் டிங்கர் வார்டுக் கதவுக்கு வெளியே மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் உள்ளே வந்து இடது காதை அவள் வாயருகே வைப்பார். அவள் குசுகுசுவென்று ஏதோ சொல்வாள். அவருக்கு வெறும் மூச்சுதான் தெரியும். எழுதிக் காட்டலாம் என்றால் ஊசி குத்திக் குத்திக் கை பலூன் மாதிரி வீங்கியிருந்தது. பேனா பிடித்தால் கோழி கிளறிய மாதிரி கோடுகள்தான் விழுந்தன. இருபத்தேழு வருஷம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவில், அவள் வாய்விட்டுப் பேச வேண்டியிருந்த நாட்களில், ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

அவளை வாட்டியது வலி மட்டுமல்ல. தாகம். வாய்வழியாக ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று எழுதித் தலைமாட்டில் மாட்டியிருந்தார்கள். டிங்கர் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவார். அவள் அதைப் பல்லால் கவ்விப் பிழியப் பார்ப்பாள். அவர் மெல்ல இழுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் அவரைப் போல ஒரு கொடியவன் உலகத்தில் இல்லை என்று தோன்றும் என்று பிறகு சொன்னாள். நடுவயிற்றுத் தையலில் சீழ் பிடித்ததால் அதைப் பிரித்துவிட்டு, தினமும் காலையில் துணியை நனைத்து உள்ளே திணித்துக் கட்டினார்கள். ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டாள். பிறகு பார்க்கவில்லை. பையைப் பார்க்கவேயில்லை. ஆனால் நாற்றம் பார்க்காமலே வரும். பை ஒட்டிய இடம் கசிந்து சுற்றிலும் தோல் வெந்துபோயிருந்தது. அடுத்த கட்டிலில் இருந்த சலவைக்காரம்மா மூக்கை மூடாமல் இருக்கப் பாடுபடுவது அவளுக்குத் தெரிந்தது. அந்தம்மா நல்ல மனுஷி. அதனாலேயே இன்னும் அவமானமாக இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் மைக்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மூச்சுப்பயிற்சிக்கு வந்தவரிடம் தலையை ஆட்டி மறுத்தாள். நடக்க வைக்க வந்த நர்ஸைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இப்படியே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், அப்புறம் நான் என்ன செய்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். மகள் போனில் அழுதாள். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். இவள் நர்ஸின் கையில் இருந்த போனை விலக்கிவிட்டாள்.

பதினொரு மணிக்கு டிங்கர் வந்தார். அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து அவருடைய நல்ல காதில் சொன்னாள்.

"போதுங்க."

அவர் தலையாட்டினார். எழுந்து போய், நர்ஸிடம் கையால் சைகை காட்டி, இன்னொரு போர்வை வாங்கிவந்து கழுத்து வரை போர்த்திவிட்டார். ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினார். போத்துங்க என்று கேட்டதாக எடுத்துக்கொண்டார் போல என்று அவள் நினைத்தாள். நல்ல வெயில் நேரம். இரண்டு போர்வைக்கு அடியில் வியர்த்துக்கொண்டு, சாகிறேன் என்று சொல்லக்கூட நமக்கு வழியில்லை என்று கிடந்தாள்.

ஒரு மணிக்கு மணி அடித்தது, அவர் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஏதோ மேஜையை இழுக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது நின்று நின்று வந்தது. ஒரு ஆம்பளை அழுகிற சத்தம். சாதாரண அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து கேவிக் கேவி. சலவைக்காரம்மா எழுந்து உட்கார்ந்தாள். மருந்துத் தள்ளுவண்டி நடுவார்டில் நின்றுவிட்டது.

மைக்கம்மாவுக்கு மட்டும் உடனே புரிந்தது. அவர் மறைவாக, வாயைப் பொத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தன் சத்தம் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல அங்கே யாருமில்லை.

நர்ஸ் கதவை நோக்கிப் போனாள். மைக்கம்மா கட்டில் கம்பியை விரலால் தட்டி அவளைக் கூப்பிட்டாள். அவர் முன்னால் போய் நிற்காதே என்று கையால் காட்டினாள். பிறகு தன்னை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னாள்.

அவள் மனசு ஒன்றும் மாறிவிடவில்லை. சாவு வேண்டாம் என்று தோன்றவும் இல்லை. அந்தச் சத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இருபது பேர் கேட்டுக்கொண்டிருக்க அந்த மனுஷன் அப்படி அழக் கூடாது. தலையணையை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் ஒரு பக்கமும் சலவைக்காரம்மா ஒரு பக்கமும் தாங்க, குளுக்கோஸ் கம்பியை உருட்டிக்கொண்டு எழுந்தாள். உள்ளே இருப்பதெல்லாம் கீழே கொட்டிவிடும் போல இருந்தது. ஒன்பது அடி நடந்தாள். கதவு கட்டிலிலிருந்து பதினைந்து அடி தள்ளி இருந்தது. அங்கேயே கண் இருட்டிவிட, நாற்காலியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

நான்கு மணிக்கு டிங்கர் முகம் கழுவிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் போல வந்தார். ஒன்பது அடி நடந்தாள் என்று நர்ஸ் உரக்கச் சொன்னாள். அவர் நம்பவில்லை. வார்டில் யாரும் அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. மைக்கம்மாவும் சொல்லவில்லை, இன்றைக்கு வரை.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அடுத்த நாள் ஆறு அடிதான் நடந்தாள். அதற்கடுத்த நாள் மறுபடி காய்ச்சல், எழுந்திருக்கவே இல்லை. முப்பதாம் நாள் வாந்தி வந்து மூக்கு வழியாகக் குழாய் போட்டபோது, டாக்டரின் கையைத் தட்டிவிட்டாள்.

பையை மாற்ற வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். டிங்கர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். நர்ஸ் பையைத் தோலோடு ஒட்டுகிற தகட்டில் ஓட்டையைக் கண்ணளவில் வெட்டிக் காட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தன் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, குடல் முனையின் அகலத்தை இரண்டு பக்கமும் அளந்தார். நெடுக்கில் முப்பத்திரண்டு மில்லிமீட்டர், குறுக்கில் இருபத்தொன்பது. அது வட்டமே இல்லை, முட்டை வடிவம். வட்டமாக வெட்டியதால்தான் இத்தனை நாள் இடைவெளியில் கசிந்து தோல் வெந்திருக்கிறது. ஒரு அட்டையில் வரைந்து, வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி ஒரு மயிரிழை சீவி, பிறகு தகட்டை வெட்டினார். அன்று ஒட்டிய பை மூன்று நாள் கசியவில்லை.

அதை மாற்றும்போதுதான் அவள் முதன்முதலாக அந்தக் குடல் முனையைப் பார்த்தாள். சிவப்பாக, ஈரமாக, கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தது.

"கேவலமா இருக்கு," என்றாள். குரல் கொஞ்சம் வர ஆரம்பித்திருந்தது, கரகரவென்று.

"எது?"

அவள் விரலால் காட்டினாள்.

அவர் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை. "அன்னிக்கு நீ போதும்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்றார். "பதில் சொல்லத் தெரியல. அதான் போர்வை எடுத்தாந்தேன்."

அவர் ஒட்டி முடித்து நிமிரும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, அன்றைக்கு வியர்த்துச் செத்தேன் என்று அவர் காதில் சொன்னாள். இந்தத் தடவை அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நாற்பத்தோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினெட்டுக் கிலோ குறைந்திருந்தாள். வீட்டில் முதல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியை விட மோசம். அங்கேயாவது மணி அடித்தால் யாராவது வருவார்கள். டிங்கர் பட்டறைக்குப் போயிருக்கும்போது பை பிரிந்துகொண்டால், குளியலறைத் தரையில் உட்கார்ந்து அவர் வரும்வரை காத்திருப்பாள். மகள் குழந்தையோடு வந்து பத்து நாள் இருந்தாள். குழந்தையை மடியில் வாங்க இவளுக்குப் பயமாக இருந்தது. ஏழாம் மாதம் மைக் அறைக்குப் போனாள், அரை நாள் வேலைக்கு. குரல் பழையபடி இல்லை. புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று சில டிரைவர்கள் நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை.

ஒரு வருஷம் கழித்து டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, குடலை உள்ளே வைத்து மூடிவிடலாம், ஒரே ஒரு அறுவை சிகிச்சை, முந்தையதைப் போல ஆபத்து இல்லை என்றார். இத்தனை நாளும் டிங்கர் இதற்காகத்தான் காத்திருந்தார். மைக்கம்மா முடியாது என்றாள். மறுபடி தையல் விட்டுப்போகாது என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். டாக்டர் அப்படி யாராலும் தர முடியாது என்றார். பிறகு டிங்கர் பக்கம் திரும்பி, நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்று உரக்கச் சொன்னார்.

டிங்கருக்குச் செய்துகொள்ள வேண்டும் என்றுதான் ஆசை. முகத்திலேயே அது தெரிந்தது. 

"படுக்கப்போறது அவதானுங்களே," என்றார். "அவ சொல்றதுதான்."

அடுத்த வருஷம் கேளுங்கள் என்றாள் மைக்கம்மா. டாக்டர் அதைச் சீட்டில் எழுதினார்.

டாக்டரின் அறை மூன்றாம் மாடியில். பக்கத்திலேயே லிப்ட் இருந்தது. இரண்டு தடவையும் ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுத்து மேலே போனது அதில்தான். அவள் அதன் பக்கமே போகவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். டிங்கர் முன்னால் ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி, பின்புறமாக இறங்கிக்கொண்டிருந்தார்.